சாயங்காலப் பெரட்டு

காலைப் பெரட்டுக்குப் போகாவிட்டால் அடி விழும். சாயங்காலப் பெரட்டுக்குப் போகாவிட்டால் யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். எனக்குப் பெரியது சாயங்காலப் பெரட்டுதான்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் ஆள் எடுப்பது. விடிவதற்கு முன் வரிசையில் நிற்போம். தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். ஜப்பான்காரன் வந்த பிறகும் பெரட்டு நிற்கவில்லை. பால் வெட்டுதான் நின்றது. ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரங்களுக்கு நடுவே நிலத்தைக் கொத்தி மரவள்ளி நட்டோம். அதையே தின்றோம். துணி கிழிந்தால் சாக்கைக் கட்டிக்கொண்டோம்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில், செனாய்ப் பக்கம். கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை. நான், என் மனைவி, நாலு வயது மகள்.

நான் குடித்தேன். முதலில் கள். கள்ளுக்கடை சரியாகத் திறக்காத நாள் வந்தபோது சம்சு. மரவள்ளியிலேயே காய்ச்சினார்கள். தின்கிற கிழங்கு குறைந்தாலும் குடிக்கிற கிழங்கு குறையவில்லை. அன்னாசிக் காட்டு முனையில் ஒரு வீடு. காய்ச்சியவன் எங்கள் ஆள்தான்.

மகளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரிடம் கெஞ்சி ஆறு கொய்னா மாத்திரை வாங்கினேன். அந்த நாளில் கொய்னா கிடைப்பது சாமி வரம் கிடைப்பது மாதிரி. திரும்பும் வழியில் சம்சு வீடு. ஆறு மாத்திரையும் அங்கே போய்விட்டது. மூன்று குவளை கொடுத்தான்.

மகள் பிழைத்துக்கொண்டாள். நான் பிழைக்க வைக்கவில்லை. அவளாகப் பிழைத்தாள்.

என் மனைவி கத்தவில்லை. பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட அன்று துணியை மூட்டை கட்டினாள். கூலாய்க்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அவள் அண்ணன் இருந்தார். அரை நாள் நடை.

“நாளைக்கு மறுபடி இவளுக்குக் காய்ச்சல் வரும். மருந்து வாங்கிட்டு வாங்கன்னு உங்களை அனுப்ப முடியுமா? அனுப்ப முடியாத ஆளோட நான் எதுக்கு இருக்கணும்?”

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் இன்னும் மோசமாகக் குடித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி முதலில் சம்சு வீட்டில்தான் கேட்டேன். நக்கலாகத்தான் பேசினார்கள்.

“பால் கொட்டாய்ல சாயங்காலப் பெரட்டு நடக்குதாம்லா. கிராணி இல்லாத பெரட்டு.”

“நின்னு என்னா பண்றாங்க?”

“ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் ஊதறாங்க.”

“ஊதினா?”

“நாத்தம் இல்லன்னா ஒரு மங்கு குடுப்பாங்களாம். காலி மங்கு!”

எல்லாரும் சிரித்தார்கள். ரப்பர் பால் வடிகிற கிண்ணத்தைத்தான் மங்கு என்போம். மரத்துக்கு ஒன்று கட்டியிருக்கும். வெட்டு நின்றதும் அவிழ்த்துக் கொட்டகையில் குவித்துவிட்டார்கள். யாருக்கும் வேண்டாத சாமான். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போனபோது அந்தக் காலி மங்குதான் மனதில் இருந்தது.

மறுநாள் போனேன். துணிச்சலுக்கு ஒரு குவளை போட்டுக்கொண்டு போனேன்.

பால் எடை போடுகிற பழைய கொட்டகை அது. உள்ளே அடுப்பு எரிந்தது. பெரிய சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். எங்கள் லயத்தில் எனக்கு நாலாவது கதவு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் குடித்த குடியை நானே பார்த்திருக்கிறேன். ஆம்பளைகள் தோற்றுப்போவோம்.

“ஊது,” என்றாள்.

ஊதினேன்.

“அலமாக்! நீ இன்னிக்கு உள்ள வந்து ஊதினா அடுப்புல நெருப்பு கூரைக்கு ஏறிடும். போடா தம்பி. நாளைக்குக் காலி வாயோட வா.”

உள்ளே சிரிப்பு. எனக்குக் கோபம். திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அவள் வராதே என்று சொல்லவில்லை. நாளைக்கு வா என்றாள். வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் குடிக்கவில்லை. மண்வெட்டிப் பிடி வழுக்கியது. வியர்வை. வேலை வாங்குகிற தண்டல் பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேலை விட்டதும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். அக்காவுக்கு ஊதினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“பட்டினி நாத்தம்தான் அடிக்குது. உள்ள போ.”

அப்படித்தான் சேர்ந்தேன்.

அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர் ஒரு மரமேறி. கள்ளுக்கடைக்குக் கள் இறக்கியவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ஒருநாள் குடித்துவிட்டுத் தென்னையில் ஏறி விழுந்தார். ஒரு கால் குட்டையாகிவிட்டது. அந்தக் காலோடு இன்னும் ஏறினார். ஆனால் பாளையில் கட்டுகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினார். சுண்ணாம்பு பட்டால் சாறு புளிக்காது. கள்ளாகாது. அதைக் கொட்டகையில் காய்ச்சி வெல்லம் போட்டார். சீனி கிடைக்காத காலம். வெல்லத்துக்கு எதுவும் கிடைக்கும்.

அந்த வெல்லம்தான் எங்களுக்குக் காவல். நாலு பேர் ஓரிடத்தில் கூடினாலே ஜப்பான்காரன் சந்தேகப்படுவான். கிராணி ஒருமுறை வந்து கேட்டார்.

“என்னாங்கடா கூட்டம்?”

“வெல்லம் காய்ச்சறோம்யா.”

“எட்டுப் பேர் எதுக்கு ஒரு சட்டிக்கு?”

“அடி பிடிக்காம கிண்டணுங்கய்யா,” என்றார் மரமேறி. இலையில் ஒரு வெல்ல வட்டு வைத்துக் கொடுத்தார். கிராணி அதை முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டு போனார். அப்புறம் கேட்கவில்லை. வாரம் ஒரு வட்டு அவருக்குப் போகும்.

பெரட்டு எப்படி என்றால், வேலை விட்டுப் பொழுது சாய்கிற நேரம். முன்பெல்லாம் கள்ளுக்கடை திறந்த நேரம். ஜப்பான்காரன் கடிகாரத்தையெல்லாம் தோக்கியோ மணிக்கு மாற்றி ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டான். கடையும் அந்த மணிக்குத்தான் திறந்தது. ஆனால் தாகம் பழைய நேரத்துக்கே வந்தது. அதனால் நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கொட்டகைக் கம்பத்தின் நிழல் வாசற்கல்லைத் தொட்டால் பெரட்டு. சரியாக அந்த நேரத்துக்குத்தான் நாக்கு கேட்கும்.

வரிசையில் நிற்போம். மரமேறி கூப்பிடுவார். பேர் சொல்ல மாட்டார். காலையில் கிராணி பேர் வாசித்தால் நெஞ்சு திடுக்கிடும். சயாமுக்குப் போகிறவனையும் அப்படித்தான் வாசித்தார்கள். முதலில் வாசிப்பது குடிகாரன் பேரைத்தான். அவன் வேலைக்கு உதவமாட்டான் என்று தோட்டத்துக்கே தெரியும். அதனால் மரமேறி நிரை எண்ணைச் சொல்லுவார். பால் வெட்டின நாளில் ஆளுக்கு ஒரு நிரை மரம் இருந்ததே, அந்த எண்.

“ஏழாம் நெரை.”

“நிக்கிறேன்,” என்பாள் அக்கா.

“இருவதாம் நெரை.”

“நிக்கிறேன்ணே. காலு வலிக்குது, ஆனா நிக்கிறேன்.”

இருபதாம் நிரை பால் வெட்டோடு லோரியும் ஓட்டினவன். லோரியை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டான். வாயை மட்டும் விட்டுவிட்டான்.

“பன்னெண்டாம் நெரை.”

அது நான். முதல் நாள் அந்த எண் எனக்கென்று உறைக்கவில்லை. மரமேறி இன்னொரு தடவை கூப்பிட்டார்.

“நிக்கிறேன்.”

பிறகு அக்கா ஒவ்வொருவராக மோந்து பார்ப்பாள். அவளை மரமேறி மோந்து பார்ப்பார். நாற்றம் இல்லை என்றால் குவியலில் இருந்து ஒரு மங்கை எடுத்து நம் இடத்தில் கவிழ்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்குவோம். குடித்தவன் விழுந்தேன் என்று சொல்லிவிட்டுத் தன் அடுக்கைத் தானே எடுத்துக் குவியலில் போடுவான். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. திட்டமாட்டார்கள். புத்தி சொல்லமாட்டார்கள். மறுநாள் அதே இடத்தில் நிற்கலாம். அப்புறம் சட்டியைக் கிண்ட வேண்டும். துடுப்பைப் பிடித்தால் கை நடுக்கம் வெளியே தெரியாது.

முதல் ஏழு நாள் கஷ்டம். எறும்பு ஊர்கிற மாதிரி உடம்பெல்லாம். வேலை விட்டதிலிருந்து நிழல் கல்லைத் தொடும் வரை இருபதாம் நிரை என் பக்கத்திலேயே சுற்றுவான்.

“மச்சான், உன் மூஞ்சி இப்ப எப்படி இருக்கு தெரியுமா?”

“எப்படி?”

“வெட்டாத மரம் மாதிரி. உள்ள பால் இருக்கு, வெளிய வரல.”

“போடா.”

“திட்டு. திட்டினா நேரம் போவும்.”

திட்டினேன். நேரம் போயிற்று.

எட்டாவது மங்கை வைத்த அன்று இருபதாம் நிரை கிராணியின் வேலையாக வெல்லம் எடுத்துக்கொண்டு கூலாய்ப் பக்கம் கிளம்பினான். என் மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். என்ன சொல்ல என்று கேட்டான். எட்டு என்று சொல் என்றேன்.

மறுநாள் வந்தான்.

“பாத்தியா?”

“பாத்தேன். எட்டுன்னு சொன்னேன். எட்டு குவளையான்னு கேட்டா. இல்லம்மா, எட்டு நாளுன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். ஊதறது, மங்கு வெக்கிறது எல்லாம். நல்லா கேட்டுக்கிட்டா.”

“என்னா சொன்னா?”

“ஒரு மண்டலம் ஆவட்டும். நாப்பத்தெட்டு மங்கு ஆனா வரேன்னா. ஆனா நீ சொல்லி இல்லயாம். அந்த அக்கா வாயால சொல்லணுமாம்.”

அக்கா சட்டியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். “எம்மேல நம்பிக்கையா அவளுக்கு? நான் குடிச்சிட்டு அவ வாசல்ல வாந்தி எடுத்திருக்கேனே.”

“அதான்க்கா. தெரிஞ்ச மூக்கு வேணும்னா.”

அதிலிருந்து எனக்கு நாற்பத்தெட்டு ஒன்றுதான் குறி. காலையில் எழுந்தால் இன்றைக்கு எத்தனையாவது என்று மனது சொல்லும். பத்து. பதினைந்து. இருபத்திரண்டு. மங்கு அடுக்கு என் முழங்கால் உயரத்தைத் தாண்டியது. சாப்பாடு ருசித்தது. வெறும் மரவள்ளிதான். ஆனாலும் ருசித்தது. மண்வெட்டி கையில் நின்றது. தண்டல் என்னை ஏசுவதை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடினான். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அதில் தப்பும் இல்லை.

முப்பத்தொன்றாவது நாள் அது நடந்தது.

தோட்டத்துக்குப் பக்கத்தில் மலாய்க்காரர்களின் கிராமம், கம்பம் என்போம். அங்கே ஒரு பெரியவர். பாக்சிக் என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷன். வேலை முடிந்த பிறகு போனால் வேலி கட்ட, கிணறு இறைக்க ஏதாவது கொடுப்பார். கூலிக்குத் தேங்காயோ கீரையோ கிடைக்கும். அன்றைக்குக் கோழிக்கூடு கட்டிக்கொடுத்தேன். முடித்ததும் அவர் வீட்டு அம்மா ஒரு தட்டில் சின்னச் சின்னப் பொட்டலமாக வைத்துக் கொண்டுவந்தார். பால்மரத்து இலையில் மடித்தது. ரப்பர் இலையைச் சாப்பாட்டுக்குப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

“மகான், மகான். மானிஸ்,” என்றார் பாக்சிக். சாப்பிடு, இனிப்பு என்று அர்த்தம்.

பிரித்தேன். அவித்த மரவள்ளி. குழைந்து ஈரமாக இருந்தது. இனித்தது. கொஞ்சம் புளித்தது. சீனியைப் பார்த்தே வருஷம் ஆகிவிட்டது. ஒரே வாயில் போட்டேன்.

இரண்டாவதைப் பிரித்தேன். அது தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு. அந்தச் சூட்டை நான் மறக்கவில்லை. பழைய கூட்டாளி தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. அது தாப்பே. மாவு போட்டுப் புளிக்க வைத்த கிழங்கு. அவர்களுக்கு அது பலகாரம். பிள்ளைகள்கூடத் தின்னும். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவதையும் எடுத்தேன். கிழங்கைத் தின்றேன். இலையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை வாய்க்குள் சாய்த்துக்கொண்டேன். இலையை நக்கினேன்.

பிறகு வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நிழல் கல்லைத் தொட இன்னும் நேரம் இருந்தது.

வரிசையில் நின்றேன். பன்னெண்டாம் நெரை என்றார் மரமேறி. நிக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அக்கா என் முன்னால் வந்தாள்.

“ஊது.”

ஊதினேன். புருவத்தைச் சுருக்கினாள்.

“இனிப்பா அடிக்குது. கள்ளும் இல்ல, சம்சுவும் இல்ல. என்னாடா தின்ன?”

“தாப்பே.”

இருபதாம் நிரை வரிசையை விட்டு வந்தான். “தாப்பே ஒரு குடியா? மலாய்க்காரங்க அஞ்சு வேளை தொழுவுறவங்க. அவங்க வீட்டுச் சாமான். வெறும் கெழங்குதான்க்கா. திங்கிற பண்டம்.”

இன்னொருவனும் சொன்னான். “குடிச்சாத்தான் குடி. மென்னு தின்னா என்னாத்துக்கு? வெச்சுக்கச் சொல்லுங்கண்ணே. முப்பது நாள் ஆச்சு.”

அக்கா மரமேறியைப் பார்த்தாள். மரமேறி நெருப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“நமக்கு என்னா தெரியும்? தின்னவனுக்குத்தான் தெரியும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது மங்கு நின்றது. இன்னும் பதினெட்டு இருந்தால் என் மனைவி வருவாள். கெழங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருத்தரும் மறுக்கமாட்டார்கள். அக்காகூட மறுக்கமாட்டாள்.

“மொதப் பொட்டலம் தெரியாம தின்னேன்,” என்றேன். “ரெண்டாவதுல தெரிஞ்சுது. மூணாவது தெரிஞ்சே தின்னேன். தண்ணியையும் குடிச்சேன்.”

வரிசையை விட்டு என் அடுக்குக்கு முன்னால் வந்தேன்.

“விழுந்தேன்.”

குனிந்து மங்குகளை எடுத்தேன். ஒரே தடவையில் முடியவில்லை. மூன்று தடவை நடந்தேன். குவியலில் வீசாமல் ஒவ்வொன்றாக வைத்தேன். சத்தம் கேட்கக்கூடாது என்று. பிறகு துடுப்பை வாங்கிச் சட்டியைக் கிண்டினேன். கை நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் ஒரு மங்கு வைத்தேன்.

மனைவிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஆனால் இருபதாம் நிரைக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். நான் போகலாம் என்றால் காலைப் பெரட்டு ஒரு நாள் தப்பினாலே சயாமுக்குப் பேரை எழுதிவிடுவார்கள். சாலையில் வேறு சோதனை. அந்தப் பக்கம் போகிற ஆள் ஒருத்தரும் கிடைக்கவில்லை. அவளோ அங்கே தன் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்தாள். வந்தும்விட்டாள்.

சாயங்காலம் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தலையில் மூட்டை. கையைப் பிடித்துக்கொண்டு மகள். முகத்தில் வழிப்புழுதி. மகள் வளர்ந்திருந்தாள். சாக்குப் பாவாடை. என்னைப் பார்த்துவிட்டு அம்மா பின்னால் ஒளிந்தாள்.

என் இடத்தில் பதினேழு மங்கு.

என் மனைவி அடுக்கைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

“நாப்பத்தெட்டு ஆச்சாக்கா?”

“இல்ல தங்கச்சி. பதினேழு.”

“நான் நாப்பத்தெட்டு எண்ணினேன்.”

“சரியாத்தான் எண்ணியிருக்க. இவன் முப்பதுல எறங்கிட்டான்.”

அக்கா நடந்ததைச் சொன்னாள். தாப்பே, மூன்று பொட்டலம், இலைத் தண்ணீர். கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். தலைச் சுமையை இறக்கவில்லை.

“அடுக்கை யார் எறக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. வெச்சுக்கடான்னுதான் சொன்னானுங்க. இவனாத்தான் எறக்கினான்.”

அவள் என்னைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை.

“சரி,” என்றாள். “இன்னும் முப்பத்தொண்ணு.”

திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மூட்டையை அக்கா காலடியில் இறக்கினாள்.

“அது வரைக்கும் உங்க ரூம்ல படுத்துக்கலாமாக்கா?”

“படுத்துக்க. ஆனா நான் குறட்டை விடுவேன்.”

“அங்க எங்கண்ணனும் விடுவாரு.”

அப்படித்தான் என் மனைவி நாலாவது கதவில் குடியிருந்தாள். காலையில் அவளும் பெரட்டில் நின்றாள். பக்கத்து வரிசையில் மரவள்ளி நட்டாள். என்னோடு பேசவில்லை. குழாயடியில் பார்த்தால் வாளியை நகர்த்தி வழி விடுவாள். மகள்தான் இரண்டு பக்கமும் போய் வந்தாள். அக்கா அவளுக்கு வேடிக்கையாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். என் மடியில் ஏறி மூக்கை என் வாயருகே வைப்பாள்.

“ஊதுப்பா.”

ஊதுவேன்.

“கெழங்கு!” என்று கத்திக்கொண்டு ஓடுவாள்.

ஜாடையாகப் பேசினவர்களும் உண்டு. பெண்டாட்டி நாலு கதவு தள்ளி இருக்க, இவன் கிண்ணம் அடுக்குகிறான் என்றார்கள். இருபதாம் நிரை எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தான். அவன் பதில் சொன்னான். “உன் பொண்டாட்டி ஒரே ரூம்ல இருந்தும் உன்னை மோந்து பாக்க மாட்டேங்கிறாளே, மொதல்ல அதைப் பாரு.”

மங்கு நாற்பத்தொன்று ஆன மறுநாள் மகளுக்குக் காய்ச்சல்.

மத்தியானம் வேலை விட்டு வந்து மண்வெட்டியைச் சாத்தினேன். என் மனைவி என் வாசலில் நின்றாள். கையில் ஓர் இலைப் பொட்டலம்.

“புள்ளைக்குக் குளிர்காய்ச்சல். டிரசர்கிட்ட ஒண்ணும் இல்லயாம். செனாய்ல சீன மருந்துக் கடையில இருக்குன்னு சொல்றாங்க. மரமேறியண்ணன் வெல்லம் குடுத்தாரு. இதைக் குடுத்தா கொய்னா தருவான்.”

அக்கா அவள் பின்னால் வந்து நின்றாள். “நான் போறேனே தங்கச்சி. வெரசா நடப்பேன்.”

“வேணாங்க்கா. இவரு போவாரு.”

பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

செனாய்க்கு ஒரு மணி நேர நடை. அந்த வழிதான். அன்னாசிக் காடு, ஓடைப் பலகை, சம்சு வீடு. போகும்போது வேகமாகக் கடந்தேன். சாலை முனையில் ஜப்பான் சிப்பாய். குனிந்து வணங்கினேன். பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னான். வெல்லத்தில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு போ என்றான். கடைக்காரர் மிச்சத்தை வாங்கிப் பார்த்தார். எட்டு மாத்திரை கொடுத்தார். தலைத்துண்டின் முனையில் முடிந்து மடியில் செருகிக்கொண்டேன்.

திரும்பும்போது சம்சு வீட்டுக்காரன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“என்னா பங்காளி, ரொம்ப நாளா காணோம்? மடியில என்னா?”

“மருந்து.”

“கொய்னாவா? எனக்கும் வேணுமே. ரெண்டு குடு. ஒரு புட்டியே தரேன், முதல் காய்ச்சு.”

நான் நின்றேன். நிற்கவில்லை என்று சொன்னால் பொய். உள்ளே சட்டியிலிருந்து வாசம் வந்தது. வாயில் எச்சில் ஊறியது. எட்டில் இரண்டு போனால் ஆறு மிச்சம். போன தடவையும் டிரசர் ஆறுதான் கொடுத்தார். பிள்ளைக்கு ஆறு போதும் என்று உள்ளே ஒருத்தன் சொன்னான். அவன் குரல் என் குரல் மாதிரியே இருந்தது.

எச்சில் ஊறட்டும் என்று நடந்தேன்.

“என்னா பங்காளி, பயமா?”

“எம்பொண்ணுக்குக் காய்ச்சல்டா,” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஓடைப் பலகையைத் தாண்டின பிறகுதான் மடியில் இருந்து கையை எடுத்தேன்.

லயத்துக்கு வந்தபோது நிழல் கல்லைத் தொட நாலு விரல் இருந்தது. என் மனைவி நாலாவது கதவில் நின்றாள். முடிச்சைக் கொடுத்தேன். அவிழ்த்தாள். ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே முடிந்து கூரை இடுக்கில் செருகினாள். உள்ளே போய்ப் பிள்ளையை நிமிர்த்தி வெந்நீரோடு கொடுத்தாள். பிள்ளை கசக்கிறது என்று அழுதது. அழ வலு இருக்கிறதே என்று எனக்கு நிம்மதி.

“எத்தனை இருக்குன்னு பாக்கலியா?” என்று கேட்டாள் அக்கா.

“எதுக்கு?” என்றாள் என் மனைவி.

என்னை ஊதச் சொல்லவும் இல்லை.

நான் கொட்டகைக்குப் போய் வரிசையில் நின்றேன். நாற்பத்திரண்டாவது மங்கை வைத்தேன். அன்றைக்கு நிக்கிறேன் என்று சொன்னபோது சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இருபதாம் நிரை காதைப் பொத்திக்கொண்டான்.

மகளுக்கு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. அதற்காக என் மனைவி முன்னாலேயே வந்துவிடவில்லை. சொன்ன சொல் சொல்தான். நானும் கூப்பிடவில்லை. மிச்ச நாளும் போயிற்று. நாற்பத்தெட்டாவது மங்கு வைத்த சாயங்காலம் அக்கா அவளிடம் போய்த் தன் வாயால் சொன்னாள். என் மனைவி பாயைச் சுருட்டினாள். நாலு கதவு தூரம் நடந்து வந்தாள். பாயை விரித்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள்.

“சாம்பலைக்கூட வாரல. எத்தனை நாளா?”

“தொண்ணூறு நாள் இருக்கும்.”

“மங்கு அடுக்கத் தெரியுது. சாம்பல் வாரத் தெரியல.”

வாரினேன்.

மறுநாள் நிழல் கல்லைத் தொட்டபோது அவளும் மகளோடு கொட்டகைக்கு வந்தாள். நான் வரிசையில் நின்றேன். அக்கா என் முன்னால் வந்தவள், என்ன நினைத்தாளோ, விலகிக்கொண்டு என் மனைவியைக் கை பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

“இனிமே இவனை நீயே பாரு. எனக்கு மூக்கு ஓஞ்சு போச்சு.”

என் மனைவி முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். ஊதினேன். அவள் மோந்து பார்த்தாள். குவியலில் இருந்து ஒரு மங்கை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். நாற்பத்தொன்பது. வைத்தேன்.